பாதி விலைக்கு ரேடியோ, மீதி விலைக்கு ஞாயிற்றுக்கிழமை

ஒரு பொருளை முழுதாகச் செய்து, பெட்டியில் போட்டு, கடையில் வைத்து விற்றால் ஒரு விலை. அதே பொருளை உதிரியாக, திருகாணி முதல் வால்வு வரை தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, கூடவே ஒரு கையேட்டையும் வைத்து "நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள்" என்று விற்றால் வேறு விலை. பெரும்பாலும் ரொம்பவே குறைந்த விலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஏராளமான ஆண்கள் (ஆமாம், பெரும்பாலும் ஆண்கள்தான், அதற்குப் பின்னால் வருவோம்) இப்படித்தான் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கடைசியில் கலர் டிவி வரை வாங்கினார்கள். வேலைக்குப் போகிற ஐந்து நாளும் அவர்கள் குமாஸ்தா, கணக்கர், ஆலைத் தொழிலாளி. சனிக்கிழமை வந்தால் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவது: அடக்கவிலை என்றால் மூலப்பொருள், கூலி, மேற்செலவு. இந்த மூன்றில் கூலி என்ற வரியைத்தான் கிட் வாங்கியவர் அடித்துவிட்டு, "பார், எவ்வளவு மிச்சம்!" என்று வீட்டில் பெருமையடித்தார். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவை அடித்துவிட்டால் செலவு காணாமல் போய்விடாது. வேறு யாரோ ஒருவர் தலையில் ஏறியிருக்கும். அது யார் தலையில் ஏறியது என்று தேடிப்போனால் ரேடியோவின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் வார இறுதி என்று ஒன்று வேண்டுமே! நாம் ஏதோ ஆதிகாலத்திலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலைகளுக்கு ஐந்து நாள் வாரம் கொடுத்தது 1926-ல். தர்ம சிந்தனை மட்டும் காரணம் இல்லை. தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்தால்தான் அவன் வெளியே போவான், வெளியே போனால்தான் காரும் மற்றதும் வாங்குவான் என்ற கணக்கு அதில் இருந்தது, அவரே அதைச் சொல்லவும் செய்தார். நாடு முழுக்க சட்டம் வந்தது 1938-ல். முதலில் வாரத்துக்கு 44 மணி நேரம், பிறகு படிப்படியாகக் குறைந்து 1940-ல் 40 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. சட்டம் "சனிக்கிழமை லீவு விடு" என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரத்தை ஐந்தால் பெருக்கினால் நாற்பது வந்துவிடுகிறது, முதலாளிகளுக்கு அது போதும்.

ரேடியோப் பைத்தியம் அதற்கு முன்பே பிடித்துவிட்டது. 1920 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கேடிகேஏ நிலையம் ஜனாதிபதி தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அடுத்த இரண்டு வருஷத்தில் ஊர் ஊருக்கு நிலையங்கள். கடையில் விற்ற ரேடியோ பெட்டி சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத விலை. ஆகவே வீட்டிலேயே செய்தார்கள். காலியான ஓட்ஸ் டப்பாவில் செம்புக் கம்பியைச் சுற்றினால் காயில் தயார். கலீனா என்ற ஈயத் தாதுக் கல் ஒன்று, அதன் மேல் அங்கே இங்கே வைத்துத் தடவிப் பார்க்க மெல்லிய கம்பி ஒன்று. அந்தக் கம்பிக்குப் பூனை மீசை என்று பெயர். மின்சாரமே வேண்டாம். நீளமாக ஒரு ஏரியல் கம்பியும், பூமிக்கு ஒரு இணைப்பும் இருந்தால் பாட்டு கேட்கும்.

கேட்கும்தான், ஆனால் ஒருவருக்கு மட்டும். இந்த வகை ரேடியோவில் ஒலிபெருக்கி கிடையாது, காதில் மாட்டும் ஹெட்போன்தான். முழுக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பார். இதற்கு ஒரு வீட்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஹெட்போனைக் கழற்றி ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் பெரிதாகும், நாலு பேர் தலையை நெருக்கி வைத்துக் கேட்கலாம். சமையலறைப் பாத்திரம் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்த விதம் இது. பிறகு திரும்பிப் போகவே இல்லை!

இதற்கெல்லாம் சாமான் வாங்க எங்கே போவது? நியூயார்க்காரர்களுக்கு ஒரே பதில், கோர்ட்லண்ட் தெரு. 1921-ல் ஹாரி ஷ்னெக் என்பவர் அங்கே சிட்டி ரேடியோ என்ற கடையைத் திறந்தார். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, சுற்றியுள்ள தெருக்களிலும் பரவி, அந்தப் பகுதிக்கே ரேடியோ ரோ என்று பெயர் வந்துவிட்டது. ஏன் அங்கே? காரணம் சுலபம். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஓடும் சுரங்க ரயிலின் நிலையம் பக்கத்தில்; ஆற்றைக் கடக்கும் படகுத்துறையும் தெருக்கோடியில். நியூ ஜெர்சியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் தினமும் காலையும் மாலையும் அந்தத் தெருவை மிதித்துத்தான் போகவேண்டும். வியாபாரத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

கடைக்குக் கடை வாசலில் ஒலிபெருக்கி அலறும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிலையம். நடைபாதையில் மரப்பெட்டிகளில் வால்வுகள், கண்டன்சர்கள், குமிழ்கள், டயல்கள் கொட்டிக் கிடக்கும். பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறி எடுக்க வேண்டியதுதான். வார நாளில் அவசரமாகப் பார்த்து வைத்துக்கொள்வது, சனிக்கிழமை நிதானமாக வந்து பேரம் பேசுவது. இந்தப் பேரத்தில் விலையைவிட முக்கியமான ஒன்று இருந்தது. எந்த வால்வுக்குப் பதில் எதைப் போடலாம், எந்தச் சுற்றில் ஏன் இரைச்சல் வருகிறது என்பதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியும், பக்கத்தில் நின்று கிளறுகிறவருக்கும் தெரியும். பத்து காசு பொருளுக்குப் பத்து டாலர் யோசனை இலவசம். மாலை வரை வீட்டில் காத்திருந்தவர்களுக்கு இந்த இலவசம் எவ்வளவு செலவு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1945-ல் போர் முடிந்தது. அமெரிக்க ராணுவத்தின் கையில் மலை மலையாகச் சாமான். விமானங்களில் வைக்கிற ரேடியோக்கள், ராடார் பாகங்கள், அளவுக் கருவிகள். இவற்றை விற்றுத் தள்ளவே 1946-ல் போர்ச் சொத்து நிர்வாகம் என்று அரசாங்கம் தனி அமைப்பு வைத்தது. அரசுக்குப் பெரும் செலவு வைத்த கருவிகள் சில டாலருக்கு ரேடியோ ரோவின் நடைபாதைக்கு வந்தன. சில பெட்டிகள் பிரிக்கக்கூட இல்லை.

இதுதான் பேரத்தின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். விமான ரேடியோ விமானத்துக்காகச் செய்தது. அது ஓடுவது 28 வோல்ட் டி.சி. மின்சாரத்தில். உயர் அழுத்த மின்சாரம் தர டைனமோட்டார் என்ற சுழலும் யந்திரம் ஒன்று அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். வீட்டிலோ 110 வோல்ட் ஏ.சி. ஆகவே டைனமோட்டாரைக் கழற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் தனி பவர் சப்ளை கட்ட வேண்டும், வால்வுகளின் ஹீட்டர் இணைப்புகளைப் பிரித்து வேறு மாதிரி போட வேண்டும், முன்பக்கத்தில் இல்லாத குமிழ்களுக்கு ஓட்டை போட வேண்டும். இந்த மாற்று வேலைக்கென்றே பத்திரிகைகளில் மாதா மாதம் கட்டுரைகள், பிறகு தனிப் புத்தகங்களே வந்தன. ஐந்து டாலருக்கு வாங்கிய பெட்டிக்கு மேற்கொண்டு பத்து டாலர் சாமான், பல ஞாயிற்றுக்கிழமைகள். மலிவாகக் கிடைத்தது என்பதற்காகவே வாங்கி, மாற்றாமலே நிலவறையில் தூசி படிந்த பெட்டிகளும் கொஞ்ச நஞ்சமல்ல. (இந்த வியாதி நம் எல்லோருக்கும் உண்டு. சாமான்தான் வேறு.)

இந்த உபரிச் சாமானை வைத்து வேறு மாதிரி யோசித்தவர் ஹோவர்ட் ஆன்டனி. அவர் கையில் இருந்தது ஹீத் என்ற சிறிய கம்பெனி. அதைத் தொடங்கிய எட்வர்ட் ஹீத் 1920-களில் சிகாகோவில் சிறு விமானங்களை உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்றவர். விமானத்தையே! வாங்கியவர் வீட்டில் மாட்டி ஓட்டிக்கொள்ள வேண்டும். 1931-ல் ஒரு சோதனைப் பறத்தலில் ஹீத் இறந்துபோனார். 1935-ல் கம்பெனியை வாங்கிய ஆன்டனி பிறகு அதை மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஏரிக்கரை ஊருக்குக் கொண்டுபோனார். போருக்குப் பின் ராணுவ உபரிச் சாமான்களை மொத்தமாக வாங்கினார். அதில் ஐந்தங்குல படக்குழாய்கள் ஏராளம். இவற்றை வைத்து ஆசிலாஸ்கோப் செய்யலாம், அதாவது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. செய்து விற்றால் கூலி கொடுத்து மாளாது. ஆகவே செய்யாமலே விற்றார். 1947-ல் வந்த அந்த முதல் ஹீத்கிட் ஆசிலாஸ்கோப்பின் விலை 50 டாலருக்கு மேல் போகவில்லை. கடையில் முழுதாகக் கிடைத்தவை அதைப்போலப் பல மடங்கு.

ரேடியோ ரோவுக்கும் ஹீத்துக்கும் உள்ள வித்தியாசம் கையேடு. ரேடியோ ரோவில் சாமான் கிடைக்கும், மூளை உங்களுடையது. ஹீத்தில் எல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு அடைப்புக்குறி, முடித்ததும் பென்சிலால் டிக் போட. இந்தக் கம்பியை இந்த முனையில் மாட்டு, இப்போது சால்டர் செய்யாதே, இன்னும் ஒரு கம்பி வரவேண்டும், அது வந்ததும் செய் என்பது வரை. பெரிய படங்களைப் பிரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ரெசிஸ்டர்களை நெளிநெளி அட்டையின் ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டால் தேட வேண்டாம் என்று யோசனைகூட உண்டு. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத ஒரு கணக்கர் அட்சரம் பிசகாமல் செய்தால் ரேடியோ பாடும். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட மிக நல்ல தொழில்நுட்ப உரைநடை இந்தக் கையேடுகளில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கம்பெனி சேமித்தது தொழிற்சாலைக் கூலி. அதில் ஒரு பகுதியை எழுதுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் கொடுத்தது.

1955-ல் வந்த டிஎக்ஸ்-100 என்ற டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். விலை 189.50 டாலர். எடை ஏறக்குறைய 50 கிலோ. இவ்வளவும் பொட்டலம் பொட்டலமாக வந்து இறங்கும். முதல் வேலை பட்டியலை வைத்துக்கொண்டு சாமானை எண்ணிச் சரிபார்ப்பது. அதற்கு வீட்டிலேயே பெரிய மேஜை எது? சாப்பாட்டு மேஜை. முட்டை அட்டைகளிலும் கேக் அச்சுகளிலும் திருகாணிகள் குடியேறும். சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அத்தனையையும் அள்ள வேண்டும், இல்லையென்றால் குடும்பம் வேறு எங்காவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது ஒரு நாள் வேலை இல்லை, வாரக்கணக்கில் போகும் வேலை.

சரி, அந்த வீட்டில் வேறு வேலையே இல்லையா? இருந்தது, நிறைய இருந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைத்தது. நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் 1947-லிருந்து 1951-க்குள் லெவிட்டவுன் என்ற ஒரே அச்சு வீடுகள் 17,000-க்கு மேல் எழும்பின. மாடி அறையை முடிக்காமலே விட்டு விற்றார்கள். அப்படியானால் வீடே ஒரு கிட்தான்! பணம் சேரச் சேரப் பலகை வாங்கி, சுவர் எழுப்பி, அறை ஆக்கிக்கொள்ள வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு. ப்ளாக் அண்ட் டெக்கர் கம்பெனி வீட்டு உபயோகத்துக்கென்று கால் அங்குல மின் துளைக் கருவியை 1946-ல் மலிவாகக் கொண்டுவந்தது இதற்குச் சரியாகப் பொருந்தியது. 1954 ஆகஸ்டில் டைம் பத்திரிகை இந்த "நீயே செய்" அலையை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது.

லெவிட்டவுனில் விதிகள் வேறு. புல்தரையை வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும். வார இறுதியில் வெளியே துணி காயப்போடக் கூடாது, பார்வைக்கு நன்றாக இருக்காதாம். (கறுப்பினத்தவர் குடியிருக்கவே கூடாது என்பதும் ஆரம்ப ஒப்பந்தங்களில் இருந்த விதி. இந்தச் சந்தோஷ சனிக்கிழமைகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.) ஆகவே கணவனின் சனிக்கிழமைக்குப் புல்தரை, மாடி அறை, பிறகு ரேடியோ. மனைவியின் துவைக்கும் வேலை வெள்ளிக்குள் முடிய வேண்டும், ஆனால் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறு என்று எந்தச் சட்டமும் வரவில்லை.

இதற்கு எண் இருக்கிறது. ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1920-களில் வேறு வேலைக்குப் போகாத இல்லத்தரசி வாரத்துக்குச் செய்த வீட்டுவேலை சுமார் 52 மணி நேரம். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் வந்த பிறகு 1960-களில்? 55 மணி நேரம்! கணவனுக்குச் சட்டம் போட்ட 40 மணி நேர எல்லைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய புத்தகத்தில் இதன் காரணங்களை அலசினார். கருவி வந்ததும் வேலை குறையவில்லை, சுத்தத்தின் அளவுகோல் ஏறியது, முன்பு கணவனும் பிள்ளைகளும் வேலையாளும் பகிர்ந்த வேலை ஒருத்தி தலையில் சேர்ந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். கணவனின் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு நிற்பது இந்த 55 மணி நேரத்தின் மேல்தான். அடித்துவிட்ட கூலி வரியைத் தேடிக்கொண்டிருந்தோமே, அதில் பாதி இங்கே கிடைக்கிறது.

ஸ்டீவன் கெல்பர் என்ற வரலாற்றாசிரியர் 1990-களில் இதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். அலுவலகத்தில் கைவேலை எதுவும் இல்லாத ஆணுக்கு வீட்டுக்குள்ளேயே ஆண் என்று காட்டிக்கொள்ள ஒரு மூலை தேவைப்பட்டது, பட்டறையும் சுத்தியலும் அதைக் கொடுத்தன என்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனாலும் முழு உண்மை என்று சொல்ல முடியவில்லை. ஒரு செத்த கருவி உயிர் பெற்றுப் பாடும்போது வரும் சந்தோஷத்துக்கு ஆண், பெண் கிடையாது. வாய்ப்புத்தான் ஆணுக்குக் கிடைத்தது.

இந்த வாய்ப்புச் சண்டை அதிகமாகத் தெரிந்தது ஹாம்கள் வீட்டில். ஹாம் என்றால் உரிமம் வாங்கி, சொந்த டிரான்ஸ்மிட்டர் வைத்து, உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு ரேடியோக்காரர். அவர்கள் பாஷையில் எந்தப் பெண்ணும், எண்பது வயதானாலும், "இளம்பெண்". கல்யாணமாகிவிட்டால் "முன்னாள் இளம்பெண்"! மனைவியைக் குறிக்க அந்த மூன்றெழுத்துச் சுருக்கத்தைத்தான் தந்திக் குறியில் தட்டுவார்கள். நகைச்சுவை என்று நினைத்துச் செய்தது. அந்த மனைவிமார் சிரித்தார்களா என்பது வேறு விஷயம். கிறிஸ்டன் ஹாரிங் 2007-ல் வெளியிட்ட ஹாம் ரேடியோ பற்றிய நூலில் வீட்டுக்குள் நடந்த இந்த இடத் தகராறுகளை விரிவாகப் பேசுகிறார். ரேடியோ வைக்கும் அறை எது, நிலவறையா, பரணா, படுக்கையறை மூலையா, கூரையில் எவ்வளவு பெரிய ஆண்டெனா என்று ஒவ்வொன்றும் பேரம்தான்.

பேரம் முறிந்தது 1950-களில், டிவி வந்ததும். ஹாம்கள் பேசும் ஒரு அலைவரிசை 28 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. டிரான்ஸ்மிட்டர் அந்த அலையோடு அதன் இரட்டிப்பையும் கொஞ்சம் கசியவிடும், அதாவது 56. அமெரிக்காவில் டிவியின் இரண்டாம் சானல் 54-க்கும் 60-க்கும் நடுவே. விளைவு? கணவன் நிலவறையில் மைக்கைத் தொட்டால் கூடத்தில் டிவி படம் கோடு கோடாகிவிடும். குடும்பம் மட்டுமில்லை, தெருவே கதவைத் தட்டும். டிரான்ஸ்மிட்டரைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, ஃபில்டர் வைத்து, பூமி இணைப்பை மாற்றி என்று அதற்கும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரே வீட்டில் இரண்டு பொழுதுபோக்கு மோதியபோது வென்றது டிவிதான். டிவி ஓடாத நேரமாகப் பார்த்து, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பேச ஆரம்பித்தார்கள் ஹாம்கள்.

இதனால் குடும்பத்துக்கு ஒன்றுமே திரும்பி வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் கணக்கு. ரெசிஸ்டரில் இருக்கும் வண்ணக் கோடுகளை, பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று என்று படிக்கக் கற்ற பிள்ளைகள் அந்தச் சாப்பாட்டு மேஜையில் நிறையப் பேர். சிறிய கைகள், கூர்மையான கண்கள், சாமான் பிரிக்க இதைவிட நல்ல உதவியாள் உண்டா? 1951-ல் நோவிஸ் என்று சுலபமான உரிமம் வந்தது. நிமிஷத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் போதும், சிறுவர்களும் எழுதித் தேறலாம். ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதி, 1933-லிருந்து, ஃபீல்ட் டே என்று வெட்டவெளியில் கூடாரம் போட்டு, ஜெனரேட்டர் வைத்து, இரவெல்லாம் ரேடியோவில் பேசுவார்கள். போட்டி மாதிரியும் இருக்கும், பேரிடர் ஒத்திகை மாதிரியும் இருக்கும், குடும்பத்தோடு போனவர்களுக்குச் சுற்றுலா மாதிரியும் இருக்கும். பெண்களும் சும்மா இருக்கவில்லை. எதெல் ஸ்மித் 1939-லேயே பெண் ஹாம்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்.

ரேடியோ ரோவின் முடிவு ரேடியோவால் வரவில்லை. உலக வர்த்தக மையம் கட்ட அந்த இடம் வேண்டும் என்று துறைமுக ஆணையம் 1960-களின் ஆரம்பத்தில் முடிவு செய்தது. முன்னூறுக்கு மேற்பட்ட கடைகள். ஆஸ்கர் நாடெல் என்ற கடைக்காரர் தலைமையில் வியாபாரிகள் திரண்டார்கள், "சிறு வியாபாரி" இறந்துவிட்டார் என்று சவப்பெட்டி ஊர்வலம்கூட நடத்தினார்கள், வழக்கும் போட்டார்கள். பொதுக் காரியத்துக்காக நிலம் எடுப்பது என்றால் சாலை போட, பள்ளி கட்ட எடுக்கலாம், வாடகைக்கு விடும் கட்டடம் கட்ட எடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1963-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. 1966-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கடைக்குக் கொடுத்த இடமாற்றத் தொகை அதிகபட்சம் 3,000 டாலர்.

அந்த 3,000 டாலர் எதற்கான விலை? கடைக்காரர் வாடகைக்கு இருந்தவர், கட்டடம் அவருடையதல்ல. சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். நாற்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அதே தெருவுக்கு வந்து பழகிய கூட்டத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. கணக்கியலில் அதற்கு குட்வில் என்று பெயரே இருக்கிறது, நன்மதிப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கடையை இன்னொருவருக்கு விற்றால் அதற்கு விலை உண்டு. அரசு எடுத்துக்கொண்டால் விலை இல்லை. சிலர் கனால் தெருப் பக்கம் போனார்கள், பலர் மூடிவிட்டார்கள். அங்கே எழும்பிய இரட்டைக் கோபுரங்களுக்கு 2001 செப்டம்பர் 11-ல் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தபாலில் சாமான் அனுப்பிய ஹீத்துக்குத் தெருவே தேவையில்லை என்பதால் அது இன்னும் கால் நூற்றாண்டு ஓடியது. 1954-ல் ஆன்டனியும் விமான விபத்தில்தான் இறந்தார் (முதலாளிகள் இருவரையும் விமானமே கொண்டுபோனது விசித்திரம்தான்). பிறகு கம்பெனி கைமாறிக் கைமாறி 1979-ல் ஜெனித்திடம் வந்தது. இடையில் 1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் 397 டாலர் கிட்டாக வந்து, சால்டரிங் கூட்டத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துக்கொண்டது. ஹீத்தும் 1977-ல் தன் கம்ப்யூட்டர் கிட்டைக் கொண்டுவந்தது.

ஆனால் கூலி வரியில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. வால்வுக் காலத்தில் ஒவ்வொரு கம்பியையும் தொழிற்சாலையில் ஒரு கை பற்றவைத்தாக வேண்டும், ஆகவே அந்தக் கையை நீக்கினால் விலை சரிந்தது. அச்சுச் சுற்றுப் பலகை வந்தது, ஐ.சி. வந்தது, ஆயிரம் இணைப்பை ஒரே மூச்சில் பற்றவைக்கும் யந்திரம் வந்தது, கூலி மலிவான கிழக்கு ஆசியத் தொழிற்சாலைகள் வந்தன. முழுதாகச் செய்த பொருளில் கூலி ஒரு சிறு தொகையாகிவிட்டது. அடிக்க வரியே இல்லாதபோது கிட்டில் என்ன மிச்சம்? மாறாக, ஒவ்வொரு சாமானையும் எண்ணிப் பொட்டலம் கட்டவும், கையேடு எழுதவும், தப்பாக மாட்டிவிட்டுக் கடிதம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆகும் செலவு அப்படியே இருந்தது. கிட்டுக்கும் ரெடிமேடுக்கும் விலை சமமாகி, பிறகு கிட் அதிகமாகியது. 1992-ல் ஹீத் கிட் வியாபாரத்தை நிறுத்தியது.

பெயரை வாங்கிய புதியவர்கள் 2015-ல் மறுபடி ஒரு கிட்டைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ப்ளோரர் ஜூனியர், சாதாரண ஏ.எம். ரேடியோ, விலை 149.95 டாலர். அதே ஊரில் அதே வருஷம் ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் பாடுகிற முழு ரேடியோ 20 டாலருக்குக் கடையில் கிடைத்தது.